பொழுதுபட்டதும் தொடங்கும் நாள்

அத்தியாயம் ஆறு

யூதர்களின் நாட்காட்டி ஒன்று, ஒரு முஸ்லிம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, ஒரு சைவக் குடும்பத்துப் பெண்ணைத் தேட வழி காட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்து நிழலில் உட்கார வைத்திருப்பேன். ஆனால் 2008 ஏப்ரலில், சிட்னியின் ஆபர்ன் பகுதியில் சுரையாவின் ஃபிளாட்டில் அதுதான் நடந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் முதலாளி மகேந்திரராஜா, ஒரு காலத்தில் கொழும்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்ச் சாவுகளையும் பொய்த் தீவிபத்துகளையும் மோப்பம் பிடித்தவர். இப்போது ஹோம்புஷில் ஒரு தோசைக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் சடகோபன். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, வேலை போய், கீழே தோசை சாப்பிடப் போன இடத்தில் மேலே மாட்டிக்கொண்டவன்.

எங்கள் கட்சிக்காரர் கல்யாணசுந்தரம். ரிட்டையரான எஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர். பரமட்டா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றுப் புற்றோடு படுத்திருந்தார். டாக்டர்கள் மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்கில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் அவருடைய மனைவி இறந்தார். அந்த வருஷமே ஒரே மகள் ராதா, ஒரு யூதப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்ல, அவர் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம். அவள் பெட்டியோடு போனாள். பையனின் முழுப்பெயர்கூட அவருக்குத் தெரியாது. ‘அந்தப் பொடியன்’ என்பதோடு சரி.

“எனக்கு அவளை ஒருக்காப் பாக்கவேணும்,” என்று எங்களிடம் சொல்லியிருந்தார். “அவள் என்னோட கதைக்காட்டியும் பரவாயில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுப் போறன்.”

ஒரு வாரமாகத் தேடி மூன்று தவறான ராதாக்களைக் கண்டுபிடித்திருந்தோம். அதில் ஒருத்தி எனக்குக் காப்பி கொடுத்தாள், இன்னொருத்தி நாயை அவிழ்த்துவிட்டாள். நாலாவது முயற்சியில்தான் ராதாவோடு ஒரே ஃபிளாட்டில் குடியிருந்த சுரையா கிடைத்தாள். கல்முனைக்காரி, மருந்துக்கடையில் வேலை. ராதா கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை இவளிடம் விட்டுப் போயிருக்கிறாள். கொஞ்ச காலம் போன் பேச்சு, அப்புறம் வீடு மாறி, நம்பர் மாறி, விட்டுப்போச்சு. அதைச் சொல்லும்போது சுரையாவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

லேப்டாப் செங்கல் கனம். திறந்ததும் முதலில் எழுந்து நின்றது ஓர் எபிரேய நாட்காட்டிப் புரோகிராம். வலமிருந்து இடமாக எழுத்து, மூலையில் ஒரு குட்டி நிலா, அடியில் சிட்னியில் சூரியன் மறையும் நேரம்.

இதை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறாய் என்று மகேந்திரராஜா கேட்டார். சுரையா கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“அதில பொழுதுபடுற நேரம் சரியாக் காட்டும் அங்கிள். நான் நோன்பு திறக்கிறதே அதைப் பாத்துத்தான்.”

யூதப் புரோகிராமைப் பார்த்து நோன்பு திறக்கிற ஒரே ஆள் இந்த ஊரில் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்றேன். இல்லை, இந்தத் தெருவில் நாலு வீடு என்னைக் கேட்டுத்தான் திறக்கிறார்கள் என்றாள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. ஒரு மெழுகுவத்திப் படம், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’. நாளை மாலை என்று ஞாபகமூட்டல். வருஷா வருஷம் இந்தக் காலத்தில் அது வரும், ராதாவின் அம்மாவுக்கு என்று தெரியும், ஆகையால் தானும் ஒரு துஆ ஓதிவிட்டுப் பெட்டியை மூடுவேன் என்றாள் சுரையா.

“சடகோபன், இது எப்பிடி வேலை செய்யுது? சுருக்கமாச் சொல்லும்.”

சுருக்கமாகச் சொல்வது என் பரம்பரைக்கே வராது. இருந்தாலும் முயன்றேன். அவர்களுடைய மாதமும் நம் திதி மாதிரி நிலாவோடு போகிறது. சூரியனோடு ஒட்டாமல் பின்தங்கினால், நாம் அதிக மாதம் சேர்ப்பதுபோல அவர்களும் ஒரு மாதம் சேர்ப்பார்கள். ஒருவர் இறந்த இங்கிலீஷ் தேதியைப் போட்டால், வருஷா வருஷம் எந்த நாளில் நினைவு வரும் என்று புரோகிராம் கணக்குப் போட்டுவிடும். ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: இறந்தது பொழுதுபடுவதற்கு முன்னா, பின்னா?

“அது ஏன்?”

“அவங்களுக்கு நாள் நடுராத்திரியில ஆரம்பிக்காது சார். சூரியன் மறைஞ்சா அடுத்த நாள். இதுல ‘பின்’னுங்கற கட்டத்துல டிக் போட்டிருக்கு.”

மகேந்திரராஜா அங்கிருந்தபடியே கல்யாணசுந்தரத்துக்குப் போன் போட்டார். மனைவியின் உயிர் எந்நேரம் பிரிந்தது என்று கேட்டார். பொழுதுபட்டு, ஆஸ்பத்திரியில் விளக்குப் போட்ட நேரம் என்று பதில் வந்தது. கட்டிலருகில் அவரும் ராதாவும் மட்டும்தான் இருந்தார்களாம். ஆக, அந்தக் கட்டத்தில் டிக் போட்டது வேறு யாருடைய கையும் இல்லை.

போனை வைக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, ரூக்வுட் மயானத்தில் மனைவியின் நினைவுப் பலகைக்குத் திதியன்று போவீர்களே, அங்கே எப்போதாவது ஏதாவது வித்தியாசமாகக் கண்டீர்களா என்று கேட்டார். ஸ்பீக்கரில் கிழவரின் எரிச்சல் நன்றாகவே கேட்டது. பூந்தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெரும்பாலான வருஷம் பலகைமேல் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், அதைத் தூக்கி எறிந்து, தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டுத்தான் பூ வைக்க வேண்டியிருக்கிறது, ஆபீஸிலும் புகார் சொல்லியாகிவிட்டது என்றார்.

“போன வருஷமும் கல்லு இருந்ததோ?”

“இருந்தது. எறிஞ்சுபோட்டன்.”

முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டார். 

“பொண்டாய்ப் பக்கம் ஒரு யூதக் கிழவற்றை செத்தவீட்டுக்கு நான் போயிருக்கிறன், சடகோபன். அவையள் பூக் கொண்டு போறேல்லை. கல்லுத்தான் வைப்பினம்.”

 கல்யாணசுந்தரம் வருஷா வருஷம் விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, மகள் வைத்த கல்லைக் குப்பை என்று எறிந்துவிட்டுப் பூ வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நிலாவைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாமே தவிர, திதியும் அந்தப் புரோகிராமும் பக்கத்துப் பக்கத்தில்தான் போய் விழும். இவர் காலையில் போகிறார், அவள் முந்தின நாள் மாலை வந்து போயிருக்கிறாள்.

போன வருஷமும் கல் இருந்தது என்றால் ராதா இருக்கிறாள், வருகிறாள். நாளை மாலையும் வருவாள். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கல்யாணசுந்தரத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, “நாளன்னிக்குக் காலையில ராதாவோட வர்றோம் சார்,” என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

கிழவர், எறிந்த கற்கள் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று யோசிப்பதுபோலத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, நாளன்றைக்குக் காலையில் தனக்கு ஷேவ் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

வெளியே வந்ததும் மகேந்திரராஜா, “ஏன் சொன்னனீர்?” என்று மட்டும் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மாலை ரூக்வுட். லிட்காம் ஸ்டேஷனைத் தாண்டினால் ஊர் அளவுக்கு விரிந்து கிடக்கும் மயானம். எல்லா மதத்துக்கும் தெரு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே உயிரோடு இருக்கிறவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கிறதில்லை என்று ஆரம்பித்தேன், முதலாளி சிரிக்கவில்லை. ரோஜாப் பாத்திகளுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கீழ்க்கடை வடையைப் பிய்த்துக்கொண்டு, கிரிஜா கல்யாணசுந்தரம் என்று எழுதியிருந்த பித்தளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலகை சுத்தமாக, வெறுமையாக இருந்தது.

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. ஒரு சீனக் குடும்பம் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனது. கேட் மூடப் போகிறார்கள் என்று காவலாளி காரில் சுற்றி வந்து சொன்னான். சேலையா, ஜீன்ஸா, ராதா எதில் வருவாள் என்று நான் எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஓர் உயரமான வெள்ளைக்காரன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் அதற்குள் நரை. தோளில் விமானப் பயணப் பை. நேரே கிரிஜாவின் பலகைக்கு வந்து, பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. மகேந்திரராஜா எழுந்தபோதே அவருடைய முகம் மாறியிருந்தது. பொய்ச் சாவுகளை அவ்வளவு பார்த்தவருக்கு மெய்யான சாவு எட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அவன் பெயர் ஜோயல், ராதாவின் கணவன். தான் யார் என்று முதலாளி சொன்னதும், அந்தப் பெஞ்சிலேயே எங்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டான். ராதா இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்றான். ரத்தப் புற்று. மெல்பர்னில்தான் எல்லாம். அவள் இருந்தவரை வருஷா வருஷம் சிட்னிக்கு வந்து அம்மாவுக்குக் கல் வைப்பாள், முடியாத வருஷம் அழுவாள். அதனால் இப்போது அவன் வருகிறான். அவளுடைய போனில் இருந்த அந்த நாட்காட்டிதான் அவனுடைய போனிலும் ஞாபகப்படுத்துகிறது. அவன் வீட்டு வழக்கப்படி மாலையில் வீட்டிலேயே விளக்கு ஏற்றிவிட்டு, மறுநாள் பகலில்தான் கல்லறைக்குப் போக வேண்டும். அவள்தான் மாலையிலேயே வந்துவிட வேண்டும் என்பாளாம். காலையில் அப்பா வருவார், தன்னைப் பார்த்தால் பூ வைக்காமலே திரும்பிப் போய்விடுவார், அம்மாவுக்குப் பூ இல்லாமல் போய்விடும் என்று சொல்வாளாம்.

அப்பாவுக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று நான் கேட்டேன். கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். வாக்குக் கொடுத்தவன் நான்.

ஜோயல் என்னைப் பார்க்காமல் சொன்னான். தெரிவித்தானாம். ராதா இறப்பதற்குச் சற்று முன், அவளே நம்பரைச் சொல்லி, அப்பாவை வரச்சொல்லு என்றாளாம். அவன் வராந்தாவுக்கு வந்து போன் செய்தான். ராதா விஷயமாகக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், எனக்கு மகள் என்று யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டு மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை. அவனுக்கு அது புரிந்துவிட்டது.

மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்று சொன்னானாம். கோயிலுக்குப் போயிருப்பார், கொஞ்சம் கழித்துக் கூப்பிடு என்றாளாம் அவள். அவன் மறுபடி கூப்பிடவில்லை. அன்று மறுபடி கூப்பிட்டிருந்தால் என்று, தினமும் ஒருமுறையாவது நினைப்பேன் என்றான். காவலாளி மறுபடி வந்து ஹாரன் அடித்தான்.

ஜோயலை ஹோம்புஷுக்கே கூட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் என் மனம் வக்கீல் வேலை பார்த்தது. கிழவருக்கு இருப்பது சில வாரம். ராதா வெளிநாட்டில் இருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் என்ன, அந்த நினைப்பிலேயே போய்ச் சேரட்டுமே என்றேன். முதலாளி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“வாசலைப் பாத்துக்கொண்டே சாகச் சொல்லுறீரோ?” என்று கேட்டார். பிறகு, ராதா போனதைத் தான் சொல்லுவேன், அந்த போன் விஷயத்தை மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார்.

அடுத்த நாள் காலை, கிரிஜாவின் திதியன்று, ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜோயலை வராந்தாவில் உட்கார வைத்தோம். கல்யாணசுந்தரம் ஷேவ் செய்து, நெற்றியில் திருநீறோடு, வெள்ளைச் சட்டை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கதிரையைக் கட்டிலோடு நெருக்கிப் போட வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது.

மகேந்திரராஜா அந்தக் கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே, சுற்றி வளைக்காமல், ராதா இறந்துவிட்டாள் என்று சொன்னார். எப்போது, எப்படி, கல் வைத்தது யார் என்று எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் அழவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அந்த வருசம் ஒரு வெள்ளைக்காரன் எனக்குப் போன் எடுத்தவன். அவளின்ரை பேரைச் சொன்னவன். நான் வைச்சிட்டன். அது இதுக்குத்தானோ?”

“இல்லை. அது வேறை யாராவதா இருக்கும்,” என்றார் மகேந்திரராஜா.

நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அவர் பொய் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். மிக மோசமாகச் சொன்னார். கிழவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவள் உயிரோடயோ இருந்தவள்?”

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். போன் மணி அடிச்சுது, யாரும் எடுக்கலைன்னுதான் அவங்ககிட்ட ஜோயல் சொல்லியிருக்கார் சார், அப்பா கோயிலுக்குப் போயிருப்பார்னு அவங்க சொன்னாங்களாம் என்று உளறினேன். ஆறுதலாகத்தான் சொல்ல நினைத்தேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட அடி என்று தெரிந்தது.

கல்யாணசுந்தரம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.  நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு கையை எடுத்தார். “வெளியில நிக்கிறானோ?” என்று கேட்டார். ஓம் என்றார் முதலாளி. “வரச் சொல்லுங்கோ.”

ஜோயல் கதவருகில் வந்து நின்றுவிட்டான். உள்ளே வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கிழவர் கட்டில் கம்பியைப் பிடித்து, எழும்ப முயன்றார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். எஞ்சினியராக முப்பது வருஷம் இந்த ஊரில் பேசிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நான் ராதாவுடைய அப்பா.”

ஜோயல் வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தான். கிழவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். மகேந்திரராஜா என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.